கோபுலு ஒரிஜினலா காப்பியா? ஞாயித்துக்கிழமை ஏலம், உதவி பண்ணுங்க

ஆன்லைன் ஏலம் ஒண்ணுல ஓவியர் கோபுலு வரைஞ்ச ஒரிஜினல் கார்ட்டூன்னு ஒண்ணு வருது, ஆனந்த விகடன், 1950கள்னு மட்டும் போட்டிருக்காங்க, ஆரம்ப விலை 40 ஆயிரம். அசலா இல்ல யாராவது பாத்து வரைஞ்சதான்னு முடிவுக்கு வர முடியல.

சென்னையில பார்வைக்கு வச்சப்போ லென்ஸோட போய் பாத்துட்டேன். 9க்கு 12 இன்ச், பழுப்பேறுன கெட்டி அட்டை, இந்தியன் இங்க். வசனமே இல்லாத ஜோக், ஈஸிசேர்ல மாமா தூங்குறாரு, அவர் தொப்பை மேல பூனை, மாமி கையில விசிறி. புடவை மடிப்புக்கு அடியில பென்சில் கோடு தெரியுது, விசிறி பிடிச்ச விரல வெள்ளை பூசி மறுபடி வரைஞ்சிருக்கு, பின்பக்கம் நீலப் பென்சில்ல பிளாக் (அச்சடிக்கிற உலோகத் தகடு) எடுக்குற அளவு. அச்சடிச்ச படத்துல தெரியுற புள்ளி எதுவும் இல்ல, ஆனா கோட்ட மட்டும் அடிக்கிற லைன் பிளாக்ல அடிச்சாலும் புள்ளி வராதே, அதனால அத வச்சு கையால வரைஞ்சதுன்னு நம்ப முடியாது. கையெழுத்து மட்டும் தயங்கித் தயங்கி போட்ட மாதிரி உறுத்துது.

யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்டா "தனியார் சேகரிப்பு"ங்கறாங்க, அவ்வளவுதான். ரோஜா முத்தையா நூலகத்துல கைக்கு கிடைச்ச 1955, 56 இதழ்கள்ல தேடிட்டேன், இல்ல. அச்சுல வந்தது கிடைச்சா கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுரலாம்.

பழைய விகடன் பைண்டிங் வச்சிருக்கறவங்க, இந்த ஜோக் எந்த இதழ்ல வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?