எந்த மவுஸ் உங்கள் கைக்கு அமைந்தது? விளையாட்டுக்கும் வேலைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்

பகலெல்லாம் எக்செல், மாலையில் வாலரன்ட் என்ற சுடும் விளையாட்டு, நடுவே கொஞ்சம் படத் திருத்த வேலை. இந்த மூன்றுக்கும் ஒரே மவுஸ் போதுமா என்று கேட்டால் போதும் என்றுதான் சொல்வேன், ஆனால் அது கைக்குப் பொருந்த வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண் (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பது), கலர் கலராக எரியும் விளக்கு, எத்தனை பட்டன் என்ற கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தால் என் கை சுமார் 17 செ.மீ. சின்னக் கைதான். மவுஸின் மேல் உள்ளங்கையை முழுவதும் படுக்கவைத்துப் பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், விரல்கள் வளைந்து நுனியால் பட்டனை அழுத்தும். கிளா கிரிப் என்பார்கள். இப்படிப் பிடிக்கிறவர் கையில் முதுகு உயர்ந்த பெரிய மவுஸைக் கொடுத்தால் விரல் பட்டனின் பாதியிலேயே நின்றுவிடும், வீலைத் தொட ஒவ்வொரு தடவையும் கையை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். ரேசரின் டெத்ஆடர் 2006இலிருந்து வருகிறது, அந்த வலக்கை வடிவத்தை உயிராக நினைக்கிறவர்கள் ஏராளம், நண்பனுடையதைப் பிடித்துப் பார்த்தபோது ஏன் என்று எனக்கும் புரிந்தது. ஆனால் அது உள்ளங்கை நிரம்பப் பிடிக்கிறவர்களுக்கான மவுஸ்.

எனக்கு அமைந்தது லாஜிடெக் ஜி304, சில நாடுகளில் அதையே ஜி305 என்று விற்கிறார்கள். 2018இல் வந்த மாடல், ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடும், பேட்டரியோடு 99 கிராம். இன்றைய கணக்கில் இது எடை கூடுதல்தான், அதுவும் பேட்டரி பின்னால் இருப்பதால் மவுஸைத் தூக்கி வைக்கும்போது பின்பக்கம் இழுக்கும். அதற்கு நான் செய்தது லித்தியம் ஏஏ போட்டது, அவ்வளவுதான். அல்கலைன் ஏறக்குறைய 23 கிராம், லித்தியம் 15 கிராம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வித்தியாசம், ஆனால் சட்டென்று திரும்பிச் சுடும் இடத்தில் கை அதை உணர்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மாடல் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் கை அளவையும் பிடிக்கும் விதத்தையும் சேர்த்து எழுதினால் படிக்கிறவருக்கு உதவும்.

* * *

வடிவம்தான் முதலில் என்பதோடு முழுக்க உடன்படுகிறேன். அதை இவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிகிறதென்றால், மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிற சென்சாரின் பிரச்சினை இன்று ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்பதால்தான். முன்பு அப்படியில்லை. அடியில் உருண்டை இருந்த மவுஸைத் திறந்து உருளையில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டியவர்களுக்கு 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் உருண்டை இல்லாமல் ஒளியால் நகர்வை அளக்கும் ஆப்டிகலாக வந்தது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அப்புறம் ஒரு லேசர் காலம். பளபளப்பான மேசையிலும் ஓடும் என்று வாங்கினோம், ஓடவும் செய்தது. ஆனால் துணிப் பேடின் மேல் ஒரே தூரத்தை வேகமாக இழுத்தால் கர்சர் ஓரிடத்தில் நிற்கும், மெதுவாக இழுத்தால் வேறிடத்தில் நிற்கும். அலுவலக வேலையில் இது கண்ணுக்கே படாது. எதிரியின் தலையைக் குறிவைத்துப் பழகிய கைக்கு மட்டும் தினமும் குழப்பம், நேற்று சரியாக விழுந்த குறி இன்று ஏன் தள்ளிப் போகிறது என்று நம்மையே சந்தேகப்பட வைக்கும்.

2014இல் லாஜிடெக் ஜி502க்குள் பிக்ஸ்ஆர்ட் 3366 என்ற சென்சார் வந்தது, பின்னால் அதே வகையைச் சேர்ந்த 3360 மற்ற நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அதற்கப்புறம் வந்த நல்ல கேமிங் மவுஸ் எதை எடுத்தாலும் கை போன தூரத்துக்குத்தான் கர்சர் போகிறது. எனவே 25,000 டிபிஐ என்று பார்த்து மயங்காதீர்கள். ஓர் அங்குலம் நகர்த்தினால் 25,000 எண்ணிக்கை அனுப்பும் என்பதுதான் அதன் பொருள், 1920 புள்ளி அகலமுள்ள திரையில் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு ஐகானைக்கூடத் தொட முடியாது. 800 அல்லது 1600, அதற்கு மேல் தேவையே இல்லை.

டிபிஐயை விட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை: விளையாட்டில் முழுச் சுற்று திரும்ப மவுஸை எத்தனை செ.மீ. நகர்த்த வேண்டும் என்ற கணக்கு. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் 800 டிபிஐ, விளையாட்டுக்குள் இருக்கும் வேக அமைப்பான சென்சிடிவிட்டி 1 என்று வைத்தால் 360 டிகிரி திரும்ப சுமார் 52 செ.மீ. வேண்டும். 2 என்று வைத்தால் 26 செ.மீ. உங்கள் பேடின் அகலம் 25 செ.மீ. என்றால் முதல் அமைப்பில் பாதிச் சுற்றுக்குள் விளிம்பு வந்துவிடும், நீங்கள் மவுஸைக் குறை சொல்வீர்கள். வாலரன்டுக்கு மாற்ற அந்தச் சென்சிடிவிட்டி எண்ணை 3.18ஆல் வகுத்தால் போதும்.

இன்னொன்று, விண்டோஸில் "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" என்று ஒரு டிக் இருக்கும். துல்லியம் என்று பெயர் வைத்திருந்தாலும் அது வேகத்துக்கேற்ப கர்சரை நீட்டிக் குறைக்கிற வேலையைத்தான் செய்கிறது. எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் வேலையில் கர்சர் மந்தமாகத் தெரியும், பழகிவிட்டால் திரும்பிப் போகமாட்டீர்கள்.

* * *

நான் மவுஸைப் பிரித்துப் பார்க்கிற ஆள், தெரிந்தவர்களுக்குச் சரிசெய்தும் கொடுக்கிறேன். வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாக விழுகிறது. ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவி வேறு ஃபோல்டருக்குள் போய்விடும், ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தால் தேர்வு அறுந்துபோகும், விளையாட்டில் ஸ்கோப் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். கணினியில்தான் கோளாறு என்று நினைத்து ஃபார்மட் வரைக்கும் போனவர்கள் உண்டு.

பட்டனுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச். அதற்குள் வளைந்து நிற்கும் மெல்லிய உலோகத் தகடு, அழுத்தும்போது கீழே உள்ள முனையைத் தொடும். தொடும் இடம் தேய்ந்தாலோ கறுத்தாலோ, தகட்டின் விறைப்பு தளர்ந்தாலோ, ஒழுங்காகப் படியாமல் துள்ளித் துள்ளித் தொடும். புது ஸ்விட்சும் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும், அதற்காகவே உள்ளிருக்கும் சிப் சில மில்லி வினாடி பொறுத்துப் பார்க்கிறது. துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டினால் இரண்டாவது கிளிக் என்று எழுதிக்கொள்ளும். ஸ்விட்சுக்கு மூன்று கால்தான், சால்டரிங் பழக்கம் இருந்தால் மாற்றிவிடலாம். ஸ்க்ரூவெல்லாம் அடியில் வழுக்கும் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், பட்டையைப் பிய்த்தால் பழையபடி ஒட்டாது, அதனால் புதுப் பட்டை கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். சார்ஜ் ஏற்றுகிற மவுஸ் என்றால் திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது.

எதைப் போடுவது? ஹுவானோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், பட்டன் மேல் விரலைச் சுமத்தி வைத்து உட்காருகிறவர்களுக்கு நல்லது. கைல் நிறுவனத்தின் ஜிஎம் 8.0 இலகுவாக, டக்கென்று வெட்டியதுபோல அடிக்கும், 8 கோடி கிளிக் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம், மேலே சொன்ன இரட்டைக் கிளிக் அந்தக் கணக்கு முடிவதற்கு ரொம்ப முன்பே வரலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ள மவுஸ் எடுங்கள், 2019இல் வந்த ரேசர் வைப்பரில் இருப்பது அந்த வகை. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, அழுத்தினால் ஒளிக்கற்றை திறக்கிறது அல்லது மறைகிறது, துள்ளலுக்கு இடமில்லை.

அப்புறம் பக்கவாட்டில் ரப்பர் பூச்சு உள்ள மவுஸ் வாங்காதீர்கள். வேர்வை படப்பட அது இளகிப் பிசுபிசுத்துப்போகும், எதைப் போட்டுத் துடைத்தாலும் சில வாரத்தில் மறுபடியும் ஒட்டும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் பல வருடம் உழைக்கிறது.

* * *

ஒரே மவுஸ் போதும் என்பதோடு நான் உடன்பட மாட்டேன். எனக்கு வேலைதான் முதலில், நீளமான ஆவணங்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன், விளையாட்டு இரவில்தான். 60 கிராம் மவுஸை எட்டு மணி நேரம் வேலையில் வைத்துப் பாருங்கள், அது தக்கையாக நழுவிக்கொண்டே இருப்பதால் விரல்கள் அதைப் பிடித்து நிறுத்துவதற்கே இறுகிப்போகும். என் வலி அங்கிருந்துதான் தொடங்கியது, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம்.

இப்போது பகலுக்கு லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ். 141 கிராம், கட்டை விரலுக்குத் தனியாக ஒரு திண்ணை, கை அதன் மேல் படுத்துவிடும், பிடிக்கவே வேண்டாம். அந்த உலோக வீலைச் சுண்டிவிட்டால் வினாடிக்கு ஆயிரம் வரி ஓடும் என்கிறார்கள், முந்நூறு பக்கக் கோப்பின் நடுவிலிருந்து முதல் பக்கத்துக்குப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். கட்டை விரல் பக்கம் இன்னொரு வீல், அகலமான அட்டவணைகளைப் பக்கவாட்டில் நகர்த்த. கிளிக் சத்தம் கிட்டத்தட்ட இல்லை, பக்கத்தில் யாராவது தூங்கினாலும் வேலை பார்க்கலாம். ஆனால் வினாடிக்கு 125 தடவைதான் தகவல் அனுப்புகிறது, அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸில் இது பொதுவாக 1000. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி விளையாட்டுக்கு அதுவே தாராளம், சுடும் விளையாட்டில் அந்த எடையும் சேர்ந்து கையைப் பின்னால் இழுக்கும். அதற்கு வைப்பர் வைத்திருக்கிறேன். இரண்டும் மேசை மேல்தான் இருக்கும், மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை.

செங்குத்து மவுஸும் வைத்துப் பார்த்தேன், எம்எக்ஸ் வெர்ட்டிகல், 57 டிகிரி சாய்வு. கைகுலுக்கும் நிலையில் கை இருப்பதால் முன்கையின் முறுக்கம் உண்மையாகவே குறைகிறது. ஆனால் கிளிக் செய்யும்போது மவுஸையே பக்கவாட்டில் தள்ளுகிறோம், படத்தில் நுணுக்கமாக ஒரு புள்ளியைத் தொட வேண்டிய இடத்தில் அது ஒத்துவரவில்லை. வலி இருக்கிறவர்கள் மவுஸ் மாற்றுவதோடு நிறுத்தாமல் மேசை உயரத்தையும் பாருங்கள், முழங்கை மேசைக்குக் கீழே தொங்கினால் எந்த மவுஸும் காப்பாற்றாது. விரல் மரத்துப்போகிற அளவுக்கு இருந்தால் மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

* * *

வயர்லெஸ் வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. மவுஸ் விட்டுவிட்டு ஓடுகிறதா? ரிசீவரைக் கணினியின் பின்னால் யூஎஸ்பி 3 துளையில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது வெளியிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது, உங்கள் மவுஸ் பேசுவதும் அதே இடத்தில்தான். ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் ரிசீவரை மவுஸ்பேட் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். பல மவுஸ்களோடு அந்த வயர் பெட்டிக்குள்ளேயே வரும், யாரும் பிரிப்பதில்லை. விளையாட்டுக்கு ப்ளூடூத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள், வேலைக்குச் சரி.

* * *

இடக்கைக்காரர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் வடிவம் என்பது தேர்வு, எங்களுக்கு அது கிடைப்பதே கஷ்டம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மவுஸ் போதாது. சைடு பட்டன் இடப்பக்கம் மட்டும் இருந்தால், இடக்கையில் பிடிக்கும்போது அது மோதிர விரலுக்குக் கீழே போய்விடும். கட்டை விரல் சும்மா இருக்கும், மோதிர விரலோ அழுத்தக் கூடாத நேரத்தில் அழுத்திவிடும். பிரவுசரில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது பக்கம் பின்னால் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2018இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 80 கிராம். இரண்டு பக்கமும் சைடு பட்டன் போடலாம், வேண்டாத பக்கத்தைக் கழற்றி மூடி போட்டுவிடலாம், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் எடையைக் குறைக்கிற போட்டியில் வந்த மாடல்கள் பலவற்றில் வலப்பக்கப் பட்டன்களை எடுத்தேவிட்டார்கள். அதனால் புதுசு எவ்வளவு இலகுவாக வந்தாலும் நான் இதை விடுவதாக இல்லை. மேலே ஸ்விட்ச் மாற்றுகிறேன் என்று எழுதிய நண்பரே, இந்த மாடலில் இடது கிளிக் துள்ள ஆரம்பித்திருக்கிறது. திறக்கும்போது அந்தக் காந்தப் பட்டன்களால் ஏதாவது சிக்கல் வருமா? ஹுவானோ போடலாமா, கைல் போடலாமா? நான் விரலைச் சுமத்தி வைக்கிறவன் இல்லை.

* * *

சுமத்தி வைக்காதவர் என்றால் கைல் போடுங்கள். சைடு பட்டன்களை இரண்டு பக்கமும் முதலிலேயே எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுங்கள், ஸ்க்ரூ எடுக்கும்போது காந்தம் அதை இழுத்துக்கொள்ளாமல் இருக்கும். மேல் ஓட்டைத் தூக்கும்போது வேகமாகத் தூக்க வேண்டாம், இரண்டு பாகத்தையும் இணைக்கிற மெல்லிய பட்டை வயர் இருந்தால் அறுந்துவிடும், சாய்த்து எட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டு அப்புறம் பிரியுங்கள். இடது ஸ்விட்சை மாற்றும்போதே வலதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பட்டனும் இரண்டு விதமாக அடிக்கும், கை அதைத் தினமும் கவனித்துக்கொண்டே இருக்கும்.