புதுப்பிப்பு: ஸ்கார்பியோவுக்கு 18 இன்ச் வீல், டயர் முடிவாகிவிட்டது

ஸ்கார்பியோ கிளாசிக்கில் 17 இன்ச் வீலைக் கழற்றி 18 போட்டால் எந்த டயர் சரியாக வரும் என்று கேட்டிருந்தேனே, கடைசியில் 235/60 R18 போட்டாச்சு (235 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் எனும் டயரின் பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், வீல் 18 இன்ச்).

பழைய 235/65 R17-இன் மொத்த விட்டம் சுமார் 737 மில்லிமீட்டர், இது 739, அதனால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசமே தெரியாது. பலர் சொன்ன மாதிரி அதே 65-ஐ வைத்து 18-க்குப் போயிருந்தால் 763 ஆகும், மீட்டர் காட்டுவதைவிட வண்டி மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உரசவும் செய்யலாம். 255/55-உம் விட்டத்தில் சரிதான், ஆனால் ரிம் அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பது) எல்லாம் பார்க்கணும், விட்டுவிட்டேன்.

கம்பத்தில் ஒரு கடைக்காரர், "லோடு இண்டெக்ஸ் எல்லாம் யாரு தம்பி பாக்குறா" என்றார். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எண் அது: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900. ஏலக்காய் மூட்டையோடு குமுளி மலை இறங்குகிறவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? வேறு கடைக்குப் போய்விட்டேன்.

சைடுவால் 12 மில்லிமீட்டர் குறைந்ததில் லோயர் கேம்ப் வளைவுகளில் ஆட்டம் குறைவு, பள்ளத்தில் மட்டும் இடுப்புக்குத் தெரிகிறது. ஸ்டெப்னி இன்னும் 17தான், விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் பஞ்சர் கடை வரை போதும்.