புதுப்பிப்பு: சாமந்தி மொட்டு வைத்துவிட்டது!

ஐந்து வாரம் முன்பு, "செடி தளதளவென்று இருக்கிறது, மொட்டைத்தான் காணோம்" என்று கேட்டிருந்தேன். வாசல் விளக்குதான் காரணம். சாமந்திக்கு வெளிச்சம் குறுக்கிடாத நீண்ட இரவு வேண்டும், அப்போதுதான் மொட்டு கட்டும் என்று நீங்கள் சொன்னதும் விளக்கை அணைத்துவைத்தேன், இந்தச் சனிக்கிழமை காலை பார்த்தால் கிளை நுனியெல்லாம் மிளகு மிளகாகப் பச்சை மொட்டு!

அப்புறம் இரண்டு நாளும் தோட்டத்தில்தான். இலையுதிர்காலத் தொடக்க வெயில் இதமாக இருக்கிறது, டேலியாவும் காஸ்மாஸும் இன்னும் பூத்துக்கொண்டே இருக்கின்றன, ஒரு தேனீ பூவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. டேலியாவில் வாடியதைக் கிள்ளுபவர்கள் கவனியுங்கள்: உருண்டையாக இருந்தால் புது மொட்டு, கூம்பாக நீண்டிருந்தால் பூத்து முடிந்தது. சாமந்தி விரிந்ததும் படம் போடுகிறேன்.