ரிக்வயர்மென்ட் ஆவணத்துக்கு முறையான இன்ஸ்பெக்‌ஷன் தேவையா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் 14 வருடமாக டெஸ்டிங் வேலை. போன மாதம் நடந்தது இது. ஒரு மருத்துவமனைக்கு பில்லிங் மென்பொருள் செய்தோம். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் ரிக்வயர்மென்ட் ஆவணத்தில் ஒரு வரி: "7 நாட்களுக்குள் மீண்டும் வரும் நோயாளிக்கு ஆலோசனைக் கட்டணம் இல்லை." எட்டுப் பேருக்கு மெயிலில் போனது. எட்டுப் பேரும் ஓகே போட்டோம், நான் உட்பட. டெவலப்பர் முதலில் வந்த நாளையும் சேர்த்து எண்ணினார். நான் மறுநாளிலிருந்து எண்ணி டெஸ்ட் கேஸ் எழுதினேன். இரண்டாம் முறை வேறு டாக்டரைப் பார்த்தாலும் இலவசமா என்று யாருமே கேட்கவில்லை. கவுண்ட்டரில் நோயாளிகளிடம் வாங்கக் கூடாத பணத்தை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

மெயிலில் அனுப்பி ஓகே வாங்குவது ரிவ்யூவே இல்லை. ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட முறைப்படி, எல்லோரும் முன்பே படித்து வந்து கூட்டத்தில் பிழை தேடும் இன்ஸ்பெக்‌ஷன் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாரத்தஹள்ளி மதி:
எனக்கு உடன்பாடு இல்லை. முன்பு இருந்த கம்பெனியில் அதைத்தான் செய்தோம். 90 பக்க ஆவணம், ஆறு பேர், வாரம் மூன்று கூட்டம். பேசியதில் பாதி எழுத்துப்பிழையும் தலைப்பு எண்ணும். கடைசியில் டெமோ பார்த்த கிளையன்ட், "நாங்கள் கேட்டது இது இல்லையே" என்றார். ஆவணம் தனக்குள் முரண்படாமல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பயன்படுத்தப் போகிறவருக்கு வேண்டியது அதுதானா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் காகிதத்தில் கிடைக்காது. இரண்டு வாரத்தில் ஒரு திரையைச் செய்து கவுண்ட்டரில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவரே சொல்லிவிடுவார்.

கோவை கதிர்:
நான் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்குப் புதுசு. எங்கள் டீமில் வாக்‌த்ரூ என்று ஒன்று நடக்கிறது. இன்ஸ்பெக்‌ஷனும் அதுவும் ஒன்றா?

பழைய மெயின்ஃப்ரேம்:
இல்லை தம்பி. வாக்‌த்ரூவில் எழுதியவரே முன்னால் நின்று விளக்குவார். அவர் குரலில் கேட்டால் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனில் நடத்துவது மாடரேட்டர். எல்லோரும் முன்கூட்டியே படித்துக் குறிப்போடு வர வேண்டும். கூட்டம் 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிழையைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் வேலை, திருத்துவது அப்புறம். எழுதியவருடைய அப்ரைசலுக்கு அந்தப் பிழைக் கணக்கைத் தொடவே கூடாது. தொட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஃபேகன் இதை டிசைனுக்கும் புரோகிராம் கோடுக்கும்தான் முதலில் கொண்டுவந்தார், ரிக்வயர்மென்ட்டுக்குப் பிறகுதான் வந்தது. இதன் உயிர் ரீடர் என்ற ஆளிடம் இருக்கிறது. எழுதாத ஒருவர், ஒவ்வொரு பகுதியையும் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். அந்த 7 நாள் வரியை எடுங்கள். "திங்கட்கிழமை வந்தவருக்கு இலவசம்..." என்று ஆரம்பித்து, ஞாயிறு வரையா அடுத்த திங்கள் வரையா என்று அங்கேயே நின்றிருப்பார்.

மாரத்தஹள்ளி மதி:
ரீடர் விஷயம் நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டதை எப்படிப் பிடிப்பீர்கள்? 1996 ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட். முந்தைய ஏரியன் 4இல் ஓடிய வழிகாட்டுக் கருவியின் மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டார்கள். புது ராக்கெட்டின் பறக்கும் பாதை அந்தக் கருவியின் ரிக்வயர்மென்ட்டில் சேர்க்கப்படவே இல்லை. 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போய், ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியது. அங்கே ரிவ்யூ நடக்காமலா இருந்தது? இன்னொன்று, 1993இல் மென்பொருள் ஆய்வாளர் லாரன்ஸ் வோட்டா இந்தக் கூட்டங்களை ஆராய்ந்து பார்த்ததில், பெரும்பாலான பிழைகள் தனியாகப் படிக்கும்போதே சிக்கிவிடுகின்றன, கூட்டத்தில் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

அல்சூர்வாசி:
மதி, ஏரியன் விசாரணைக் குழுவின் பரிந்துரைகளையும் பாருங்கள். ரிவ்யூவை விட்டுவிடச் சொல்லவில்லை. திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களையும் ரிவ்யூவில் சேர்க்கச் சொன்னார்கள். சரிபார்த்தாயிற்று என்று குறிப்பதோடு நிற்காமல், வாதத்தின் உள்ளடக்கத்தையே பார்க்கச் சொன்னார்கள். எங்கள் எட்டுப் பேரில் கவுண்ட்டரில் உட்கார்ந்த அனுபவம் ஒருவருக்கும் இல்லை. அது எங்கள் தவறு.

வோட்டா சொன்னதும் என் பக்கம்தான். தனியாகப் படிப்பதில் பிழை கிடைக்கிறது என்றால், எல்லோரையும் உண்மையிலேயே படிக்க வைக்கும் ஏற்பாடு வேண்டும். கூட்டம் வைக்காவிட்டாலும் படித்து எடுத்த குறிப்பைக் கட்டாயமாக்கலாம்.

மாரத்தஹள்ளி மதி:
கவுண்ட்டர் ஆளை உட்கார வைப்பீர்கள் என்றால் நமக்குள் தகராறு பாதி தீர்ந்தது. ஆனால் 90 பக்கத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். திரையைக் காட்டினால்தான் அவர் பேசுவார். அதில் நான் மாற மாட்டேன்.

பழைய மெயின்ஃப்ரேம்:
90 பக்கமும் வேண்டாம். பணம், தேதி, யாருக்கு என்ன அனுமதி, இந்த மூன்றும் வரும் பக்கங்களை மட்டும் எடுங்கள். மற்றதற்கு மதி சொல்லும் டெமோ போதும்.

கோவை கதிர்:
நேற்றே செய்து பார்த்தேன். எங்களுடையது அபார்ட்மென்ட் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் ஆப். "10ஆம் தேதிக்குள் செலுத்தாவிட்டால் அபராதம்" என்று நான்தான் எழுதியிருந்தேன். பக்கத்து டீம் அக்காவிடம் கொடுத்து, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். பத்தாம் தேதி செக் கொடுத்து, பணம் பன்னிரண்டாம் தேதி கணக்கில் ஏறினால் அபராதம் உண்டா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று காலை அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசி முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.