டிக்கெட்ல 3 மணி நேரம்னு தெரியுது, ஆனா பயணம் 8 மணி நேரமா?

புதுசா வந்தவங்க நிறைய பேர் இதைக் கேக்கறீங்க: "ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்த்தேன், 900 கிலோமீட்டர் வேகத்தால வகுத்தேன், டிக்கெட்டோட ஒத்துப்போகலையே?" ஒத்துப்போகாதுங்க.

முதல்ல நேரத்தைச் சரியா எடுங்க. ஏறுற நேரம் ஏறுற ஊர்க் கணக்கு, இறங்குற நேரம் இறங்குற ஊர்க் கணக்கு. நியூயார்க்ல ராத்திரி 8 மணிக்கு ஏறி லண்டன்ல மறுநாள் காலை 8 மணிக்கு இறங்கினா, பார்க்க 12 மணி நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னாடி ஓடுது, கழிச்சா 7. திரும்பும்போது காலை 11-க்கு ஏறி மதியம் 2-க்கு இறங்குவீங்க. இந்தத் தடவை 3-ஓட 5-ஐக் கூட்டணும், 8. மார்ச் மாசம் கொஞ்சம் உஷாரா இருங்க. அமெரிக்கா கடிகாரத்தை ரெண்டாவது ஞாயிறே மாத்திடும், பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் மாத்தும். நடுவுல இருக்கற நாட்கள்ல வித்தியாசம் 4 மணி நேரம்தான்.

மறுநாள் இறங்கறதா இருந்தா, இறங்குற நேரத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல +1 இருக்கும். கூட்டிட்டுப் போக வர்றவர்கிட்ட தேதி சொல்லும்போது அதைக் கவனிங்க, இல்லேன்னா மனுஷன் முதல் நாளே வந்து நிப்பாரு.

போக 7, வர 8 ஏன்? ரொம்ப உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா வேகமா வீசுற ஜெட் ஸ்ட்ரீம் காத்துதான் காரணம். லண்டன் போறப்ப பின்னாடி இருந்து தள்ளும், திரும்பறப்ப எதிர்க்கும். குளிர்காலத்துல இது இன்னும் பலமா இருக்கும். 2020 பிப்ரவரியில பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள்ளயே போய்ச் சேர்ந்துச்சு!

இணையத்துல காட்டற தூரம் பூமி உருண்டை மேல போடற குறுக்கு வழி. நிஜத்துல விமானம் அப்படியே போகணும்னு கட்டாயம் இல்ல. 2022-ல ரஷ்ய வான்வழி மூடினதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 9 மணி நேரத்துல இருந்து 13 ஆயிடுச்சு. ரெண்டு ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு.

இதெல்லாம் நேரடி விமானத்துக்கு. நடுவுல மாறணும்னா கிலோமீட்டரை மறந்துடுங்க, மாறுற நேரம்தான் முக்கியம். ஒரே டிக்கெட்டா இருந்து முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுட்டா, பொதுவா ஏர்லைன்ஸே வேற விமானத்துல ஏத்தி விடும். மலிவா இருக்குன்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தா அந்தப் பொறுப்பு உங்க தலையில. பெரும்பாலும் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள நுழைய விசாவும் தேவைப்படலாம். அமெரிக்கா வழியா வேற நாட்டுக்குப் போறவங்களுக்கு ஒரே டிக்கெட்டா இருந்தாலும் அங்க இமிக்ரேஷன் உண்டு. அதனால அந்த வழியில ஒன்றரை மணி நேர இடைவெளி போதும்னு புக் பண்ணாதீங்க. வயசான அப்பா அம்மா தனியா வர்றாங்கன்னா 4 மணி நேரமாவது விடுங்க, டிக்கெட் போடும்போதே வீல்சேரும் கேட்டு வைங்க.