கடல் திட்டமிடலில் மீனவர் பேச்சு எடுபடுமா?

கேள்வி:
பன்னிரண்டு வருஷம் படகில் போனவன் நான். கடல் பரப்புத் திட்டமிடல், அதாவது கடலில் எந்த இடம் எதற்கு என்று பிரிப்பது, அதற்கு ஒரு கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வரைபடம் ஏற்கெனவே தயார். காற்றாலைக்கு ஓர் இடம், கப்பல் பாதைக்கு ஓர் இடம். மீன் குஞ்சு பொரிக்கும் மேட்டை யாருமே குறிக்கவில்லை. கை தூக்கிச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அப்புறம் பேச்சே இல்லை. சொன்னதைக் கேட்டு உண்மையிலேயே வரைபடத்தை மாற்றிய இடம் எங்காவது உண்டா?

பதில் 1:
உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைப் பகுதியில் 2004-இல் மண்டலங்களை மாற்றி அமைத்தபோது, 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் எழுத்தில் வந்தன. முதல் வரைவை அவற்றை வைத்துத் திருத்தினார்கள். மீன்பிடிக்கக் கூடாத பகுதி சுமார் 5 சதவீதத்திலிருந்து 33 சதவீதமானது. எதிர்ப்பும் கடுமையாகத்தான் இருந்தது.

பதில் 2:
வாயால் சொன்னது காற்றில் போய்விடும். எந்த மாதம், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், என்ன மீன் என்று ஜிபிஎஸ் புள்ளியோடு எழுத்தில் கொடுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகக் கப்பல் பாதையை 2007-இல் வடக்கே நகர்த்த வைத்தது, திமிங்கிலங்கள் எங்கே தென்பட்டன என்று பல வருஷமாகச் சேர்த்த பதிவுகள்தான்.

கேட்டவர்:
சரி, மேட்டின் புள்ளிகள் என் பழைய நோட்டில் இருக்கின்றன. கூட வந்தவர்களிடமும் கேட்டுச் சேர்க்கிறேன். இந்த முறை ரசீது வாங்காமல் வர மாட்டேன்.