மறு: ‘போர்ட்டேஜ்’ – படகுக் கடத்தலா, காவுகையா?

ஐயா, வணக்கம்.

ஆற்றில் படகு போகாத இடத்தில் படகையும் சரக்கையும் தரைவழியே சுமந்து செல்வதும், அந்தப் பாதையும் ‘போர்ட்டேஜ்’. அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘படகுக் கடத்தல்’ எனக்கு ஒப்பவில்லை. இன்று அதைப் படிப்பவர் மனம் கள்ளக் கடத்தலுக்குத்தான் போகும். ‘படகு சுமத்தல்’ பரவாயில்லை, ஆனால் சரக்கு விட்டுப்போகிறது. பாதையும் விட்டுப்போகிறது.

சுப்பீரியர் ஏரிக்கரையில், மினசோட்டாவிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜைப் பாருங்கள். பிஜன் ஆறு ஏரியில் சேருமுன் அருவியும் பாறையுமாக இறங்குகிறது, படகு போகாது. அதைத் தவிர்க்க 8.5 மைல் காட்டுப்பாதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற மென்மயிர்த்தோல் வணிக நிறுவனத்தின் படகாட்கள் 90 பவுண்டு மூட்டைகளை இரண்டிரண்டாக, நெற்றியில் மாட்டிய தோல்பட்டையால் முதுகில் தாங்கி நடந்தார்கள். அரை மைல் போனதும் இறக்கிவைத்துவிட்டு, திரும்பிப் போய் அடுத்த சுமையை எடுத்து வருவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘போஸ்’. சுமைதாங்கி என்று சொல்ல ஆசைதான். அங்கே கல் நட்டிருக்கவில்லை என்பதால் ‘இறக்கிடம்’ போதும்.

அந்த மண்ணின் ஒஜிப்வே மக்கள் ஊரையே ‘கிச்சி ஒனிகமிங்’, பெரிய சுமக்குமிடம், என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல்லும் அப்படித்தான், செயலுக்கும் இடத்துக்கும் பொது.

என் பரிந்துரை, சுமந்து செல்வதைக் குறிக்கும் ‘காவு’ என்ற வினை. காவடியில் இருப்பது அதுதான். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘மூட்டையைக் காவிக்கொண்டு வா’ என்பார்கள். செயலுக்குக் காவுகை, பாதைக்குக் காவுவழி.

‘காவு கொடுத்தல்’ நினைவுக்கு வருமே என்று முன்பே ஒருவர் கேட்டிருந்தார். தனியே நின்றால் வரும். ‘வழி’ சேர்ந்தபின் வராது என்றே நம்புகிறேன். காவுதல் தோளுக்குத்தானே, நெற்றிக்குப் பொருந்துமா என்றால், மரப்பட்டைப் படகைத் தோளில்தான் தூக்கினார்கள். ஈழத்துப் பேச்சிலும் அந்த வினை தோளோடு நிற்பதில்லை.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்: படகைச் சுமக்காமல் தரையில் இழுத்துச் செல்லும் பாதை. ரஷ்யாவின் ‘வோலோக்’ இழுத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. வோலோகலாம்ஸ்க் என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருக்கிறது. கொரிந்து நிலஇடுக்கில் கிரேக்கர் கல் பாவி அமைத்த ‘தியோல்கோஸ்’ பாதையும் இழுப்பதற்கே. அவற்றுக்கு ‘இழுவழி’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றும்போது நம் மீனவர் சொல்லும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.